பூஜைக்கு நிறுத்திய பழைய கம்ப்யூட்டர்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அடுப்பை அணைத்துவிட்டு, கதவைப் பூட்டிவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டைத் திறந்து அடுப்பை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புகிற ரகம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். "என்ன, இன்னைக்கு ஒரு தடவைதான் வந்தீங்களா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேலி செய்வார். பிழைப்புக்கு நான் செய்வது கம்ப்யூட்டர் பராமரிப்பு. கிளினிக், பள்ளிக்கூடம், வக்கீல் ஆபீஸ் என்று திருச்சியில் பல இடங்களுக்கு நான்தான் போய்ப் பார்க்கிறேன். என்னென்ன கெட்டுப்போகும் என்று எந்நேரமும் யோசிக்கிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பில் ஒரு விஜயதசமி அன்று மண் விழுந்தது.

தில்லை நகரில் நான் பார்த்துவந்த கிளினிக்குகளில் ஒன்று நரம்பு டாக்டருடையது. அங்கே இ.இ.ஜி. எடுப்பார்கள். தலையில் பசை தடவி வயர்களை ஒட்டி, மூளையில் ஓடும் மின்சாரத்தைக் கோடு கோடாகப் பதிவு செய்கிற டெஸ்ட். அதை எடுக்கிற டெக்னீஷியன் மன்னார்புரத்திலிருந்து வருகிறவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை மேடம் என்பார். வேலையில் கெட்டிக்காரர். அழுகிற குழந்தையின் தலையில்கூட இருபது வயரையும் சிரித்துக்கொண்டே ஒட்டிவிடுவார்.

மெஷின் நன்றாகத்தான் இருந்தது. அதை ஓட்டுகிற சாஃப்ட்வேர்தான் கிழடு. அதைச் செய்த கம்பெனி எப்போதோ கடையை மூடிவிட்டது. பழைய எக்ஸ்பி விண்டோஸ் இருந்தால்தான் அது வாயைத் திறக்கும். அந்த எக்ஸ்பி இருந்த கம்ப்யூட்டர் ஒரு நாள் புகைந்து செத்துப்போனது. புது மெஷின் வாங்குகிற வசதி டாக்டருக்கு அப்போது இல்லை. "ஏதாவது வழி பண்ணுங்கம்மா" என்று என்னிடம் சொன்னார்.

வழி இருந்தது. செத்த கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் உயிரோடிருந்தது. அதை அப்படியே ஒரே பெரிய ஃபைலாக நகலெடுத்து, புதுக் கம்ப்யூட்டருக்குள் விர்ச்சுவல் மெஷினாக ஓடவிட்டேன். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர். ஒரே வீட்டில் நடுவே தடுப்பு வைத்து ஒரு போர்ஷனைக் குடிவைப்பது போல என்று டெக்னீஷியனுக்கு விளக்கினேன். குடியிருப்பவருக்குத் தான் இருப்பது தனி வீடு என்றே நினைப்பு. இப்போதைய சிப்புகளில் இதற்கென்றே ஒரு வசதி வைத்திருக்கிறார்கள், ஆனால் நான் வாங்கிய கம்ப்யூட்டரில் அதை மூடி வைத்திருந்தார்கள். முதல் நாள் பழைய எக்ஸ்பி கிளம்பவே மறுத்து, எனக்கு வியர்த்துக்கொட்டி, கடைசியில் விண்டோஸுக்கு முன்னால் வருகிற பயாஸ் என்ற செட்டிங் திரைக்குள் போய்த் தேடி அந்த வசதியைத் திறந்துவிட்டேன். அடுத்த நிமிடம் பழைய பச்சைப் புல்வெளிப் படம் புதுத் திரையில் வந்து நின்றது. டெக்னீஷியன் கைதட்டினார். எனக்குச் சந்தோஷம் அரை நிமிடம்தான் இருந்தது. அதற்குப் பிறகு இது எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

எக்ஸ்பிக்கு இன்று யாரும் மருந்து மாத்திரை தருவதில்லை. ஒரு வைரஸ் வந்தால் போயிற்று. அந்தக் கிளினிக்கிலோ பென் டிரைவ் பழக்கம் அதிகம். யாரோ கல்யாண வீடியோ கொண்டுவருவார்கள், யாரோ பக்திப் பாட்டு கொண்டுவருவார்கள். அதனால் பயத்தில் ஒரு காரியம் செய்தேன். பழைய கம்ப்யூட்டரின் சி டிரைவை மாறாத டிஸ்க் என்று குறித்துவைத்தேன். அதாவது அதில் யார் எதை எழுதினாலும், நிஜமாக அதில் எழுதாது. பக்கத்தில் ஒரு தனி ஃபைலில் எழுதிக்கொள்ளும். பழைய கம்ப்யூட்டரை முழுதாக நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினால், கிளம்புகிற அந்த நொடியில் பக்கத்து ஃபைல் துடைக்கப்பட்டு, எல்லாம் நான் நிறுவிய முதல் நாளுக்குத் திரும்பிவிடும். வைரஸ் வந்தாலும் ஒரு தடவை நிறுத்திக் கிளப்பினால் ஒழிந்தது. நோயாளிகளின் பதிவுகள் போய்விடக் கூடாதே என்று அவற்றுக்கு மட்டும் தனியாக ஒரு டி டிரைவ் வைத்தேன். அது சாதாரண டிஸ்க், எழுதினால் எழுதியதுதான். அதை வாராவாரம் வெளி டிஸ்க்கில் நகலும் எடுத்தேன்.

இதையெல்லாம் டெக்னீஷியனிடம் சொன்னேனா? "பதிவையெல்லாம் டி-ல போடுங்கண்ணே" என்று சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் குழம்புவார் என்று நினைத்தேன். சாயங்காலம் கிளம்பும்போது திரையில் அதன் ஜன்னலை மூடினால் பழைய கம்ப்யூட்டர் இருந்த நிலையிலேயே தூங்கும்படியும், காலையில் புதுக் கம்ப்யூட்டரைப் போட்டால் அதுவே தானாக எழுந்துகொள்ளும்படியும் செய்துவைத்தேன். தூங்கி எழுந்தால் எதுவும் துடைக்கப்படாது. முழுதாக நிறுத்துகிற வேலை என்னுடையது, தேவைப்பட்டால் நானே வந்து செய்துகொள்வேன் என்று இருந்தேன். ஏழு மாதம் ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லை.

அந்த வருஷம் நவராத்திரிக்குக் கொஞ்ச நாள் முன்பு ஜீயபுரத்திலிருந்து ஒரு பெண் குழந்தையைக் கூட்டிவந்தார்கள். ஒன்பது வயது. வாழை போட்டிருக்கிற குடும்பம். குழந்தைக்கு வலிப்பு. மாத்திரைக்கு மேல் மாத்திரை மாற்றியும் நிற்கவில்லை. வெளியூர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் செய்ய முடியுமா என்று பார்க்கலாம், ஆனால் வலிப்பு வருகிற நேரத்தில் எடுத்த பதிவு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வலிப்பு மூளையில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது அதில்தான் தெரியுமாம்.

சும்மா உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கு வேண்டும் என்கிறபோது வலிப்பு வருமா? டாக்டர் மேற்பார்வையில் மாத்திரையைக் குறைத்தார்கள். தூங்கவிடாமல் வைத்திருந்து கூட்டிவரச் சொன்னார்கள். இரண்டு தடவை வந்து வெறுங்கையோடு போனார்கள். மூன்றாவது தடவை வந்தது. நான் அன்று பிரிண்டர் பார்க்கப் போயிருந்தேன். கதவுக்கு வெளியே நின்றிருந்த எனக்குக் கட்டில் ஆடுகிற சத்தமும், டாக்டர் எதையோ எண்ணுகிற குரலும், அந்த அம்மா "போதும் சார், போதும் சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்ததும் கேட்டன. குழந்தை தெளிய வெகு நேரம் ஆயிற்று. அதன் பிறகு அந்த அம்மா வெளியே வந்து, என்னை யாரென்று தெரியாமலே, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இன்னொரு தடவ என் பொண்ண இப்படிப் பண்ண விட மாட்டேன் அக்கா. ஆபரேசனே வேணாம்னாலும் சரி."

முப்பது முப்பத்தைந்து வயதுதான் இருக்கும் அவருக்கு. கை ஐஸ் மாதிரி இருந்தது. நான் தலையாட்டினேன், வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் நான் வீட்டில் பொரி, கடலை, நாட்டுச்சர்க்கரையைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது டெக்னீஷியன் போன் செய்தார். குரலில் உற்சாகம்.

"மேடம், பூஜை அமர்க்களமா முடிஞ்சுது. நீங்க வரலயே. ஜீயபுரம் பாப்பா வீட்டுலேர்ந்து வாழக்கன்னு ரெண்டு கொண்டாந்து கட்டிட்டுப் போனாங்க. எல்லா மெஷினையும் தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, முறையா நிறுத்திட்டேன்."

"சந்தோஷம்ணே."

"உள்ள இருக்கற பழசையும் சேர்த்துதான். அது மட்டும் மாசக்கணக்கா தூங்கிக்கிட்டே இருக்கே, முழுசா நிறுத்தி ஓய்வு குடுக்கணும்ல? ஷட் டவுன் குடுத்து, அது அடங்கறவரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் பெரிசை நிறுத்தினேன். இனிமே நாளைக்கு நல்ல நேரத்துலதான் கை வைப்போம்."

சரி என்றேன். டி டிரைவில் எல்லாம் இருக்கிறது, சி துடைக்கப்பட்டால் நல்லதுதான் என்று ஓடியது மனம். அவர் போனை வைக்கப் போகிறவர், போகிற போக்கில் சொன்னார்: "பாப்பா ரெக்கார்டைத்தான் நாளைக்கு மொத வேலையா மாத்தி அனுப்பணும். நல்ல நாளா இருக்கட்டும்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். பத்திரமா டெஸ்க்டாப்லயே வெச்சிருக்கேன் மேடம். பிள்ளையார் சுழி போட்டு தனி ஃபோல்டர்."

போன் வைத்தாகிவிட்டது. நான் இன்னும் இரண்டு பொட்டலம் கட்டினேன். மூன்றாவதில் கை நின்றுவிட்டது.

டெஸ்க்டாப் இருப்பது சி டிரைவில்.

நான் போகிற எல்லா ஆபீசிலும் இது உண்டு. எது முக்கியமோ, அது டெஸ்க்டாப்பில் இருக்கும். கண்ணெதிரில் இருந்தால்தான் பத்திரம். வீட்டில் மாடத்தில் வைப்பதுபோல. மற்ற நோயாளிகளின் பதிவுகளையெல்லாம் நான் சொன்னபடி டி-யில் போட்ட மனிதர், எல்லாவற்றையும்விட முக்கியமான இந்தப் பதிவை மட்டும், முக்கியம் என்பதாலேயே, எடுக்கும்போதே டெஸ்க்டாப்பில் சேமித்திருக்கிறார். வாராவாரம் நான் எடுக்கிற நகலில் அது இல்லை. எங்கேயும் இல்லை. மாறாத டிஸ்க்கின் பக்கத்து ஃபைலில் மட்டும் இருக்கிறது. நாளைக் காலை யாராவது புதுக் கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்கினால், அது கிளம்பி, பழையதைத் தானாகக் கிளப்பும். அந்த நொடியில் அந்தக் குழந்தையின் வலிப்பு துடைக்கப்பட்டுவிடும். எல்லாம் நான் செய்துவைத்த ஏற்பாடு.

உடனே அவருக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எட்டுத் தடவை அடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அவர் வருஷாவருஷம் வீட்டுக்குப் போனதும் தன் போனையும் அங்கே பூஜையில் வைத்துவிடுவார். "அதுவும் ஆயுதம்தானே மேடம்" என்பார். மெசேஜ் அனுப்பினேன். ஒற்றை டிக். மன்னார்புரத்தில் அவர் வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது. டாக்டரின் எண்ணை எடுத்தேன். அமுக்கவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. கிளினிக் பூட்டியிருக்கிறது, பூஜையில் வைத்ததை நாளை வரை யாரும் தொடமாட்டார்கள், காலையில் எட்டரைக்கே போய் வாசலில் நின்றுவிட்டால் ஒன்பது மணிக்கு அவர் வரும்போது நானே எடுத்துக் கொடுத்துவிடலாம், டாக்டருக்குத் தெரியவே வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அப்போதே போய் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டி, நான் இப்படிச் செய்துவைத்திருக்கிறேன், சாவி கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குழந்தையின் பதிவு போய்விடுமோ என்ற பயத்தைவிட, டாக்டரின் முகத்தைப் பார்க்கிற பயம் ஒரு பிடி தூக்கலாக இருந்தது. பயந்தவர்கள் நல்லவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காலையில் ஏழரைக்குக் காபியோடு நின்றபோது சுவரில் நாள்காட்டித் தாளைக் கிழித்தேன். கீழே கட்டத்தில் நல்ல நேரம் என்று போட்டிருந்தது. காலை ஏழே முக்கால் முதல் எட்டே முக்கால் வரை.

ஒன்பது மணி என்பது வேலை நாள் கணக்கு. நல்ல நேரத்தில்தான் கை வைப்போம் என்று அந்த மனிதர் நேற்றே சொன்னாரே. காபியை வைத்த இடம் நினைவில்லை. அன்று நான் அடுப்பைத் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

கோபுரத்தைத் தாண்டியதும் கூட்டம். விஜயதசமி ஆயிற்றே, பட்டுப்பாவாடையும் புது வேட்டியுமாகக் குழந்தைகளை எழுத்தறிவிக்கக் கூட்டிப்போகிற குடும்பங்கள் தெருவை அடைத்துக்கொண்டிருந்தன. காவிரிப் பாலத்தில் ஒரு மினி லாரி, நெற்றியில் வாழைக்கன்றும் பூசணிக்காய்க் குங்குமமுமாக, மணமகன் நடையில் போனது. ஹாரன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். லாரிக்காரர் கையை வெளியே நீட்டி, "பொறுமையா வாங்கம்மா, நல்ல நாளும் அதுவுமா!" என்றார். கீழே ஆறு நிறைய ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. கட்டில் ஆடுகிற சத்தமும் "போதும் சார்" என்ற குரலும் ஹெல்மெட்டுக்குள் கேட்டுக்கொண்டே வந்தன. சத்திரம் பேருந்து நிலையத்தில் சிக்னல் விழுந்தது. போனை எடுத்து மறுபடி அடித்தேன். அப்போதுதான் டாக்டருக்கும் அடித்தேன், பன்னிரண்டு மணி நேரம் கழித்து. அவர் எடுக்கவில்லை.

கிளினிக்கின் ஷட்டர் பாதி ஏறியிருந்தது. வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு. ஒன்று சின்னது. கற்பூர வாசனை வந்தது. நான் செருப்போடு உள்ளே ஓடினேன்.

டெஸ்ட் எடுக்கிற அறையில் வாழைக்கன்றுக்குப் பக்கத்தில் ஜீயபுரத்து அம்மா கையில் குங்குமத் தட்டோடு நின்றிருந்தார். டெக்னீஷியன் கற்பூரத்தட்டைப் பிடித்திருந்தார். குழந்தை ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தது. பச்சைப் பாவாடை, ரெட்டைச் சடை, தலை நிறைய கனகாம்பரம். அதன் விரல் சந்தனம் வைத்த கம்ப்யூட்டரின் பொத்தான் மேல் இருந்தது. "பாப்பா கையாலதான் இன்னைக்கு ஆரம்பம்" என்று டெக்னீஷியன் சொல்லிக்கொண்டிருந்தார்.

மின்விசிறி கிர் என்று சுற்ற ஆரம்பித்திருந்தது. அமுக்கியாயிற்று.

"எடு கைய!" என்று கத்தினேன்.

என் குரல் அப்படி வரும் என்று எனக்கே தெரியாது. குழந்தை விதிர்த்துப் பின்னால் சாய, அதன் அம்மா பாய்ந்து பிடிக்க, தட்டு விழுந்து தரையெல்லாம் குங்குமம். நான் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினேன். திரை அணையவில்லை. கீ, கீ என்று யு.பி.எஸ். கத்தியது. அதை நான்தான் வாங்கி மாட்டியிருந்தேன், கரண்ட் போனாலும் அணையாதிருக்க. திரையில் வட்டப் புள்ளிகள் சுற்றின. இன்னும் சில நொடி, விண்டோஸ் வந்துவிடும், பழையதை எழுப்பிவிடும். மேஜைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். வயர்கள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. ஒன்றைப் பிடுங்கினேன், அது மவுஸ். இன்னொன்று. திரை கறுத்தது. மின்விசிறி நின்றது. யு.பி.எஸ். மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

டெக்னீஷியன் கற்பூரத்தட்டைக் கீழே வைத்தார். நல்ல நாளில், நல்ல நேரத்தில், முதல் முதலாகக் கிளப்பியதை ஒருத்தி செருப்புக் காலோடு வந்து பிடுங்கிப் போட்டால் என்ன பேசுவார்கள்?

"என்ன மேடம் ஆச்சு?" என்று டெக்னீஷியன் மெதுவாகக் கேட்டார்.

"கரண்ட் லீக்காகுதுண்ணே. ஷாக் அடிச்சிருக்கும்" என்றேன். பொய். வாயில் தயாராக இருந்ததுபோல் வந்துவிட்டது. ஒரு நொடி எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

குழந்தை தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தது. "நான் அமுக்குனதாலயா?"

அதன் அம்மா தரையில் குந்தி, முந்தானையால் குங்குமத்தை ஒற்றிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார். "அதான் நான் அப்பவே வேணாம்னேன் சார். வீட்டுல விளக்குக்கிட்டகூட விடறதில்ல. அடுப்பு, கிணறு, எதுவும். இவ தொட்டு எது வெளங்கிருக்கு."

கோபத்தில் சொல்லவில்லை அவர். களைப்பில் சொன்னார். குழந்தை போய் வெளி பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டது.

எனக்கு அப்போது அதைப் பார்க்க நேரமில்லை. அமுக்கியதற்கும் நான் பிடுங்கியதற்கும் நடுவே பழையது கிளம்பியதா இல்லையா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி டிஸ்க்கை எடுத்து, வெளி மேஜையில் என் லேப்டாப்பில் மாட்டினேன். திருகாணி இரண்டு தடவை கைநழுவி விழுந்தது. டெக்னீஷியன் எடுத்துக்கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். ஷாக் அடித்த கம்ப்யூட்டருக்கு யாரும் டிஸ்க்கைக் கழற்றி இத்தனை பதறமாட்டார்கள்.

பக்கத்து ஃபைல் இருந்தது. துடைக்கப்பட்டிருந்தால் குட்டியாகச் சுருங்கியிருக்கும். அளவைப் பார்த்தேன். பெரிதாக இருந்தது. கடைசியாக எழுதப்பட்ட நேரம் நேற்றுச் சாயங்காலம். ஆனாலும் நம்பவில்லை. முதலில் அப்படியே நகலெடுத்தேன், பிறகு நகலைத்தான் திறந்தேன். ஃபைல் உள்ளே ஃபைலாகப் போய் டெஸ்க்டாப்பை எட்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரத்தில் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். பெயர் மறந்துபோனவர்களையும் கூப்பிட்டேன்.

'உ' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே அந்தப் பெண்ணின் பெயர்.

பென் டிரைவில் ஒரு நகல், லேப்டாப்பில் ஒரு நகல், வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்தேன். லேப்டாப்பில் தனியாக ஒரு பழைய எக்ஸ்பியை ஓட்டி, பதிவைத் திறந்தும் பார்த்தேன். கோடுகள் அமைதியாக ஓடின. ஓரிடத்தில் ஒரு கோடு மட்டும் துடிக்க ஆரம்பித்து, பக்கத்துக் கோடு, அதற்குப் பக்கத்துக் கோடு என்று பரவி, திரை முழுவதும் கறுப்பாகிவிட்டது. மேலே பார்க்க முடியாமல் மூடினேன். எல்லாம் பத்திரமாக இருந்தது.

இனி நான் சும்மா இருந்தால் போதும். ஷாக் கதை நிற்கும். டாக்டர் கேட்டால் ஒயரிங் கோளாறு என்று சொல்லலாம். டிஸ்க்கின் குறியை மாற்றிவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. இருபது இடத்துக்குப் போகிறவள் நான், இந்த மாதிரிச் செய்தி தில்லை நகரில் பத்தாவது குறுக்குத் தெருவிலிருந்து முதல் குறுக்குத் தெருவுக்குப் போக ஒரு காபி குடிக்கிற நேரம் போதும். இவ்வளவையும் யோசித்துக்கொண்டே நிமிர்ந்தேன். குழந்தை அதே பெஞ்சில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தது. டெக்னீஷியன் கொடுத்த பொரிப் பொட்டலம் மடியில் பிரிக்காமல் இருந்தது. கைகள் இன்னும் தொடைக்கு அடியில்தான்.

முக்கால் மணி நேரமாக அது கையை வெளியே எடுக்கவில்லை.

நான் எழுந்துபோய் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "ஷாக் எல்லாம் இல்லம்மா. பொய் சொல்லிட்டேன். நீ அமுக்குனது தப்பே இல்ல. இதுக்குள்ள நான் ஒண்ணு தப்பா செஞ்சு வெச்சிருந்தேன், அதை யாருக்கும் சொல்லாம மறைச்சுட்டேன். யார் அமுக்கியிருந்தாலும் உன் ரெக்கார்டு அழிஞ்சிருக்கும். உன் கை இல்ல. என் கை."

பிறகு எழுந்து, அவள் அம்மாவுக்கும் டெக்னீஷியனுக்கும் முழுதாகச் சொன்னேன். மாறாத டிஸ்க், பக்கத்து ஃபைல், முந்தின நாள் சாயங்காலம் டாக்டர் எண்ணை எடுத்துவிட்டு வைத்தது வரை. டெக்னீஷியன் முகம் வெளுத்துவிட்டது. "டெஸ்க்டாப்புல வெக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா மேடம்..." என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை இன்னும் என்னிடம் பாக்கியாக நிற்கிறது.

அந்த அம்மா கேட்டார். "அழிஞ்சிருந்தா?"

"மறுபடி எடுக்க வேண்டியிருந்திருக்கும்."

அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. "ஒரு ராத்திரி பூரா தெரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கீங்க" என்றார். "வேற எதுனா சொல்லாம வெச்சிருக்கீங்களா அக்கா?"

"இல்ல."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நம்பவேண்டிய அவசியமும் இல்லை.

சி டிரைவின் குறியை மாற்றி, அதையும் சாதாரண டிஸ்க்காக்கினேன். நகல்களைச் சரிபார்த்தேன், மறுபடி சரிபார்த்தேன். டிஸ்க்கை உள்ளே மாட்டி மூடியைத் திருகினேன். அதற்குள் டாக்டர் போனில் வந்தார், அவரிடமும் சொன்னேன். "முதல்ல பதிவை அனுப்புங்க. உங்க விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம்" என்றார். நல்ல நேரம் எப்போதோ முடிந்திருந்தது.

டெக்னீஷியன் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனவர், நிறுத்திக்கொண்டு குழந்தையைப் பார்த்தார். குழந்தை தன் அம்மாவைப் பார்த்தது. அந்த அம்மா சேலை நுனியில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் தட்டிக்கொண்டே, "போ. போய் அமுக்கு" என்றார்.

குழந்தை ஸ்டூலில் ஏறியது. விரலைக் கொண்டுபோய்ப் பொத்தானுக்கு அருகே நிறுத்தியது. பிறகு மேஜைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. அங்கே என் வலது கை கரண்ட் வயரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. எப்போது போய்ப் பிடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"ஆன்ட்டி," என்றது குழந்தை. "நீங்க மொதல்ல கைய எடுங்க."

எடுத்தேன். அவள் அமுக்கினாள்.